நெல்லிக்காய் நுழையும் துப்பாக்கி

"தாயே, நான் செஞ்ச துப்பாக்கி ஒண்ணுக்கும் ஆகாதுங்காங்க. நீங்களே சொல்லுங்க, அது நிசந்தானா?"

இதைக் கேட்ட வடபாளையத்துக் கொல்லர் பிச்சாண்டி ஆசாரிக்கு வயது ஐம்பத்தாறு. பதில் சொல்ல வேண்டிய சுனையம்மாவுக்கு நாற்பது கூட ஆகவில்லை.

ஆனாலும் பன்னிரண்டு வருஷமாக அவள்தான் குரு, அவர்தான் சீடர். வடபாளையத்துக்கும் தென்பாளையத்துக்கும் நடுவே இருந்த மலைச் சுனையருகில் அவள் வாழ்ந்தாள். மாதம் ஒருமுறை ஆசாரி மூச்சு வாங்க ஏறி வருவார். இதுவரை ஒரு கேள்விக்குக்கூட அவள் நேராகப் பதில் சொன்னதில்லை. அவரும் வருவதை விட்டதில்லை.

தோளில் இருந்த சாக்கை இறக்கி, உள்ளே இருந்ததை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

கைத்துப்பாக்கி என்று பெயர்தான். தூக்குவதற்கு இரண்டு கை வேண்டும். ஒரே குழல், அதன் வாயில் பெரிய நெல்லிக்காய் தாராளமாக நுழையும். ஒரு தடவைதான் சுடும். சுட்டால் எதிரே நிற்பவன் விழுகிறானோ இல்லையோ, சுட்டவன் மல்லாக்க விழுவது நிச்சயம். மறுபடி குழலுக்குள் வெடிமருந்து போட்டு இடித்துக் கெட்டிப்பதற்குள் நிதானமாக வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்துவிடலாம்.

யானையே வந்தாலும் ஒரே குண்டில் சாய வேண்டும் என்று ஆசை ஆசையாக அடித்தது அது. ஆசாரிக்கு எதிலும் பெரிதாகச் செய்தால்தான் திருப்தி.

அந்த மலையில் ஒரு வழக்கம் இருந்தது. இரும்புக்கான மண் தென்பாளையத்திலிருந்து வரும். அதை உருக்கும் கரி வடபாளையத்துக் காட்டிலிருந்து வரும். அதனால் கொல்லர் ஒரு பக்கத்துக்கு எந்த ஆயுதம் அடித்தாலும், அதேபோல் இன்னொன்று அடித்து மறுபக்கத்துக்கும் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு பகை முற்றினாலும் இதை மட்டும் யாரும் மீறியதில்லை. ஆகவே இந்தத் துப்பாக்கி இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருந்தது.

போன வாரம் மேய்ச்சல் காட்டுக்காகச் சண்டை மூண்டது. பக்கத்துக்கு ஒரு ஆள், கையில் ஆசாரியின் துப்பாக்கி. வடபாளையத்துக்காகப் போனவன் ஆசாரியின் ஒரே மகன் பேச்சிமுத்து.

இருவரும் இருபது அடி தூரத்தில் நின்று சுட்டார்கள். இரண்டு குண்டும் மரத்தில் பாய்ந்தன. இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். எழுந்து உட்கார்ந்து மறுபடி கெட்டிக்க ஆரம்பித்தவர்கள், கெட்டித்து முடிக்கவே இல்லை. மருந்து கொட்டிப் போயிற்று என்று சொல்லி ஆளுக்கொரு திசையாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வடபாளையத்துத் தலைவர் கொதித்துப்போனார். இதற்கு உலக்கையைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்றார். ஒரே பிடியில் நாலு குழல் வைத்து, நடுவில் கெட்டிக்காமல் நாலு தடவை சுடும்படி ஒன்று பௌர்ணமிக்குள் வேண்டும், அதையும் உன் மகனே தூக்கிக்கொண்டு போகட்டும், முடியாதென்றால் உலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

நாலு குழல் செய்வது ஆசாரிக்கு ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு குழலை அடித்தும் முடித்துவிட்டார். ஆனால் அவமானம் தாங்கவில்லை. தன் துப்பாக்கி எங்கே தோற்றது என்று தெரியாமல் அவருக்குச் சுத்தியல் ஓடவில்லை. சுனையம்மாவிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

அவள் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டாள்.

"கெட்டிச்சுக் காட்டுங்க ஆசாரியாரே."

"இங்கயா?"

"உங்க மகன் அன்னைக்குச் செஞ்ச மாதிரியே, ஒவ்வொண்ணா. அப்பப்ப அங்க என்ன நடந்துச்சுன்னும் சொல்லுங்க."

ஆசாரி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாட்டுக் கொம்பிலிருந்து மருந்தைக் குழலுக்குள் சரித்தார். ஒரு பொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.

"இந்த இடத்துலதான் அவனுக்குக் கை நடுங்கியிருக்கு. பாதி மருந்து மண்ணுல."

"நிமிந்து பாத்தானா?"

"பாத்திருக்கான். எதிராளிக்கும் அதே நடுக்கந்தானாம்."

அடுத்தது தேங்காய் நார். மருந்து சிந்தாமல் இருக்க அதை உருட்டி மேலே அடைக்க வேண்டும். ஆசாரி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"இங்க இன்னொரு கூத்து. இவன்கிட்ட நார் இல்ல. விழுந்த வேகத்துல பை எங்கயோ தெறிச்சுப் போச்சு. மாசானந்தான் தன்கிட்ட இருந்ததுல பாதியைப் பிச்சு இந்தப் பக்கம் எறிஞ்சிருக்கான்."

"மாசானம் யாரு?"

"அவன்தான். தென்பாளையத்துப் பய."

"அவன் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேச்சிமுத்து சொன்னான்."

"பேச்சிமுத்துக்கு?"

"அவன்கிட்டயே கேட்டிருக்கான்."

"எப்ப?"

ஆசாரி வாயைத் திறந்தார். உருட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"கெட்டிக்கையில," என்றார்.

காற்று வந்து அவர் மடியிலிருந்த நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை.

"வேற என்ன பேசிக்கிட்டாங்களாம்?"

"தோள்பட்டை வலிக்கான்னு அவன் கேட்டிருக்கான். கழண்டு போன மாதிரி இருக்குன்னு இவன் சொல்லியிருக்கான். எனக்கும் அப்படித்தான்னு அவன். எங்கப்பன் அடிச்ச துப்பாக்கின்னு இவன் சொல்லப்போக, உங்கப்பனைக் கொண்டாந்து இதுக்கு முன்னால நிறுத்தணும்னானாம். ரெண்டு பேரும் சிரிச்சிருக்கானுங்க. மாசானத்துக்குப் போன மாசந்தான் பொம்பளப் பிள்ளை பிறந்திருக்காம்."

அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"சாப்பிடும்போது இதையெல்லாம் என் மகன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னான் தாயே. குழம்புல உப்பு இல்லைன்னு அவங்கம்மாகிட்டச் சண்டை வேற போட்டான். நான் எதையும் காதுல வாங்கல. குழலோட கோளாறு என்னன்னே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"இப்ப அவன் எங்க?"

"உலையில. ரெண்டாவது குழலைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கான்."

சுனையம்மா முன்னால் குனிந்தாள்.

"நாலு குழல் இருந்தா, எந்தக் குழலைச் சுட்டதுக்கு அப்புறம் உங்க மகன் எதிராளியோட பேரைக் கேப்பான்?"

ஆசாரி கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள்ளேயே நாலு குழல் துப்பாக்கியைச் செய்து முடித்து மகன் கையில் கொடுத்தார். வழக்கப்படி அதேபோல் ஒன்றை மாசானம் கையிலும் கொடுத்தார். இருவரையும் இருபது அடி தூரத்தில் நிறுத்திச் சுடவிட்டார். ஒன்று. இரண்டு. மூன்றாவதை நினைத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது தாடியெல்லாம் நனைந்திருந்தது. தன் மகன் உயிரோடு இருக்கிறான் என்பது ஒரு வாரம் கழித்து அப்போதுதான் அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. கேவல் அடங்க வெகுநேரம் ஆனது.

பிறகு அந்தக் கனத்த இரும்பை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தலைவருக்கு என்ன பதில் சொல்லுவீங்க?" என்று சுனையம்மா கேட்டாள்.

"உலையை எடுத்துக்கிட்டாலும் சரிதான்னு சொல்லுவேன். அதை என்கிட்டயே விட்டாருன்னா, இதைவிடப் பெருசா ஒண்ணு அடிச்சுத் தாரேன்னு சொல்லுவேன்."

"இதைவிடப் பெருசாவா?"

"ஆமா தாயே. கெட்டிச்சு முடிக்க அரை நாளாவது ஆகணும்."