கயிற்றின் மேல்நுனி

மலைவாசிகளான பளியர்கள் நடத்தும் தேன் சங்கத்துக்குத் தலைவன் சடையாண்டி. பாறைத் தேன் எடுக்கும் வித்தையை அவன் தன் தங்கை புருஷன் வீரணனிடம்தான் கற்றுக்கொண்டான். வீரணன் வயதில் சின்னவர். ஆனாலும் குரு குருதானே.

ஒரு சாயங்காலம் குருவின் வாசலில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தான்.

"நாளைக்குக் கூட்டத்துல தலைவர் வேலைய விட்டுரலாம்னு இருக்கேன் மாப்ள."

"ஏன் மச்சான்?"

"அடையில தேன் இருக்கற பக்கத்த மட்டும் அறுங்க, புழு இருக்கற பக்கத்த ஈக்கு விடுங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு. கீழயிருந்து வந்த யாவாரி முழு அடையாவே வாங்கிக்கறேங்கறான். எல்லாரும் அவன் பக்கம். கூடப் பொறந்தவனே என்கிட்ட முகங்குடுத்துப் பேசறதில்ல."

"முழுசா அறுத்தா?"

"ஈ போயிரும். சோலையில பூவெல்லாம் காய் பிடிக்காம உதிரும். அப்பறம் நாம எதை வித்துத் திங்கறது? இது அவுங்களுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் கேக்கறாங்க. அதான் அலுத்துப் போச்சு."

"நீங்க விட்டா வேற யாரு?"

"ஒருத்தரும் இல்ல. அதுக்காக நானே எத்தன நாளைக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது, சொல்லுங்க."

வீரணன் எழுந்தார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தேன்பாறைக்கு நடந்தார். சடையாண்டி முனகிக்கொண்டே பின்னால் போனான்.

பாறை விளிம்பிலிருந்த மரத்தில் கயிற்றைச் சுற்றி, மேல்நுனியை அவன் கையில் கொடுத்தார். அது அங்கே வழக்கம். பாறையில் இறங்குகிறவனுக்கு அவன் மனைவியின் கூடப் பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும். கயிறு நழுவினால் தாலியை இழப்பது பிடித்தவனின் சொந்தத் தங்கை. வேறு யாரையும் நம்பி எவனும் இறங்கமாட்டான்.

குரு இறங்கினார். பாதிப் பாறையில் நின்றுவிட்டார். அந்தப் பக்கம் அடையே கிடையாது. சும்மா தொங்கிக்கொண்டிருந்தார்.

சடையாண்டிக்கு உள்ளங்கை எரிந்தது, தோள் கெஞ்சியது. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"அங்க என்ன பண்றீங்க மாப்ள?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப மேல வாங்க."

"வர்றேன், வர்றேன்."

வரவில்லை. வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. சடையாண்டிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"மாப்ள, என்னால முடியல. கை வலிக்குது."

கீழேயிருந்து நிதானமாகக் குரல் வந்தது.

"வலிச்சா விட்டுருங்க மச்சான். வீட்டுக்குப் போயி, கை வலிச்சுதுன்னு உங்க தங்கச்சிகிட்டச் சொல்லிக்கலாம்."