போயிட்டு வர்றேன்னு சொன்ன ராணி

ஒரு காலத்துல, எந்தக் காலம்னு கேக்காதீங்க, மரம் பேசும், மாடு பேசும், மனுசங்க மட்டும் பேச வேண்டியதைப் பேச மாட்டாங்க, அந்தக் காலத்துல நாவற்குன்றம்னு ஒரு தேசம் இருந்துச்சு. அதுக்கு ஒரு ராஜா, பேரு வீரபுயங்கன். மதம் பிடிச்ச யானை எதிர்ல வந்தாலும் மீசையை முறுக்கிக்கிட்டு நிக்கிற ஆளு. அவனுக்கு ஒரு ராணி, குமுதவல்லி. ஒரே மக, முத்துநகை.

ராணிக்கு உடம்பு முடியாம போச்சு. வயித்துக்குள்ள ஒரு கட்டி. அரண்மனை வைத்தியர் தெரிஞ்ச மருந்தெல்லாம் குடுத்துப் பார்த்துட்டு, கடைசியில ராஜா கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. "மகாராஜா, குணமாக்க இனி என்கிட்ட மருந்து இல்லை. வலி தெரியாம வெச்சுக்க மருந்து இருக்கு. அதைக் குடுப்போம். நீங்க பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருங்க."

நல்ல மனுசன், நல்ல வார்த்தை. நம்ம ராஜா என்ன பண்ணினான்? "இவனைப் பிடிச்சு வெளியே தள்ளுங்கடா!"ன்னான். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அப்பவே கதையை நிறுத்தியிருப்பேன். உங்களுக்காகச் சொல்றேன், கேளுங்க.

வைத்தியர் அந்தப் பக்கம் போனாரு, இந்தப் பக்கம் ஒரு மந்திரவாதி வந்து சேர்ந்தான். பேரு கபாலஜாலன். முழங்கால் வரைக்கும் ஜடை, அதுக்கு முன்னாடி வந்து நிக்கிற தொப்பை.

"ராஜா, உன் பொண்டாட்டி சாகாம நான் பாத்துக்கறேன். அவ இருக்கிற வரைக்கும் எனக்கு மூணு வேளையும் விருந்து போடணும், சரியா?"

"போடறேன். எப்படிச் சாகாம வெப்பே?"

கபாலஜாலன் ஒரு கறுப்புக் கயிறை எடுத்து அரண்மனை வாசல் நிலையில இறுக்கிக் கட்டினான். "உசிரு இந்த வாசலைத் தாண்டித்தான் போகணும். தாண்டும்போது நம்ம ஊர்ப் பொம்பளை வாயில என்ன வரும்? 'போறேன்'னா சொல்லுவா? 'போயிட்டு வர்றேன்'னுதானே சொல்லுவா? அந்தச் சொல்லை இதுல கட்டிட்டேன். வர்றேன்னு சொன்னவ வந்துதான் ஆகணும்!"

"கயிறு அறுந்துட்டா?"

"நீயே உன் வாயால அவளைப் 'போ'ன்னு சொன்னாத்தான் அறும். அதனால அவ சாவைப் பத்திப் பேச்செடுத்தா காது குடுக்காதே, இளகிடுவே. யாரையும் பேச விடாதே. என்ன சொல்லணும்? 'அச்சானியமாப் பேசாதே!' அபசகுனம்னு அடக்கிடு, அவ்வளவுதான்."

ராஜாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கபாலஜாலனுக்கு அன்னிக்கே வாழையிலை விரிஞ்சுது.

மறுநாள் எமனோட எருமை வந்துச்சு. தப்பா நினைக்காதீங்க, அது ரொம்ப சாதுவான எருமை. படுக்கை ஓரமா வந்து மண்டி போட்டுச்சு. ராணியோட உசிரு எழுந்து அது முதுகுல உக்காந்துச்சு. அப்பாடா, வலி இல்லை! வாசலுக்கு வந்தாங்க. அங்கே காவக்காரங்க நிக்கிறாங்க. ராணி மரியாதை தெரிஞ்சவ. "போயிட்டு வர்றேன்பா"ன்னா.

வெடுக்குன்னு கயிறு இழுத்துச்சு. படுக்கையில தொபுக்கடீர்னு வந்து விழுந்தா. பழைய வலி ரெண்டு மடங்காச்சு.

ரெண்டாம் தடவையும் எருமை வந்துச்சு. "தாயே, இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டு வா"ன்னு கெஞ்சுச்சு. வாசல் வந்ததும் பழக்கதோஷம். "போயிட்டு வர்றேன்!" வெடுக்! தொபுக்கடீர்!

மூணாம் தடவை ராணி ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டுப் போனா. வாசல்ல முத்துநகை கோலம் போட்டுக்கிட்டிருந்தா. பெத்த பொண்ணுகிட்ட சொல்லாம எப்படிங்க போறது? "போயிட்டு வர்றேன் கண்ணு!" வெடுக்! தொபுக்கடீர்!

எருமை தலையில அடிச்சுக்கப் பார்த்துச்சு, கால் எட்டலை. நந்தவனத்துல போய்ப் படுத்துக்கிட்டு ராஜாவோட மல்லிகைச் செடியை மேய ஆரம்பிச்சிடுச்சு. கண்ணுக்குத் தெரியாத மாடு மேயுதுன்னு யாருக்குத் தெரியும்? தோட்டக்காரங்க பாவம், ஆட்டைத் துரத்திக்கிட்டு அலைஞ்சாங்க.

இங்கே ராணி படுக்கையைச் சுத்தி ஒரே கூட்டம். "மூஞ்சில என்னா களை!" "அடுத்த மாசம் எழுந்து நடப்பாங்க பாருங்க!" அவ வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டிருக்கா, இவங்க களையைப் பார்க்கறாங்களாம்.

ராஜாவோட தங்கச்சி சுரைக்காய்க் கூட்டோட வந்து உக்காந்தா. ராணி அவ கையைப் பிடிச்சா. "சின்னவளே, நான் போன பிறகு..."

"அச்சானியமாப் பேசாதீங்க அண்ணி! வாயைத் திறங்க!" கூட்டு உள்ளே போச்சு.

புரோகிதர் வந்தாரு. "சாமி, அங்கே போனா எப்படி இருக்கும்? தனியா இருக்கணுமா?"ன்னு ராணி கேட்டா.

"அச்சானியமாப் பேசாதீங்க தாயே!"ன்னுட்டு, அவ குரல் கேக்காத அளவுக்குச் சத்தமா சுலோகம் சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. யோவ், அதைச் சொல்றதுக்குத்தானே உம்மை வெச்சிருக்கு! வேற யார்கிட்ட போய்க் கேப்பா?

கடைசியா ராஜா வந்தான். "என்னங்க," ராணி மெதுவாச் சொன்னா, "எனக்குப் பயமா இருக்கு."

"அச்சானியமாப் பேசாதே குமுதா!" சொல்லிட்டு ஓட்டம் பிடிச்சான். யானைக்கு முன்னாடி நின்னவன் பொண்டாட்டிக்கு முன்னாடி நிக்காம ஓடறான். தூணுக்குப் பின்னால நின்னு அழுதான்னு சொல்றாங்க. அழு, வேண்டாங்கலை. அதை அவ பக்கத்துல உக்காந்து அழுதா என்ன?

முத்துநகை மட்டும் யோக்கியமா? அவளும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தா. ஆனா அவதான் ராத்திரி பகலா அம்மாவைப் பாத்துக்கிட்டவ. துணி மாத்தி, புண்ணு துடைச்சு, கஞ்சி காய்ச்சி, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் மோர் குடுத்து, அந்தக் கபாலஜாலனுக்கு மூணாவது தடவை பாயசம் ஊத்தி, அலுத்துப் போயிருந்தா. ஒரு நாள் காலையில ராணி ஆரம்பிச்சா. "நான் போன பிறகு..."

முத்துநகைக்கு எங்கிருந்து வந்துச்சோ கோவம். கையில இருந்த கிண்ணத்தை ணங்குன்னு வெச்சா. "எப்பப் பாரு போன பிறகு, போன பிறகு! போன பிறகு என்ன? சொல்லித் தொலையேம்மா!"

அவ்வளவுதான். பெரிய ஞானமெல்லாம் ஒண்ணும் இல்லை. எரிச்சல்ல சொன்னது.

ராணி கண்ணு விரிஞ்சுது. "நிஜமாவா? சொல்லட்டுமா?"ன்னா. குழந்தை மாதிரி கேட்டா. முத்துநகைக்கு மனசு உடைஞ்சு போச்சு. பக்கத்துல உக்காந்து, "சொல்லும்மா, கேக்கறேன்"ன்னா.

"முதல்ல, எனக்குச் சுரைக்காயே பிடிக்காதுடி."

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல கட்டில் ஆடிப் போச்சு. ஜன்னல் வழியா ஒரு பெரிய கறுத்த தலை உள்ளே நீண்டுச்சு, வாயில மல்லிகைக் கொடி. "அப்பாடா! இந்த வீட்டுல ஒருத்தராவது காதைத் திறந்தீங்களே! இனிமே நானும் உன் கண்ணுக்குத் தெரிவேன். ஏம்மா, உங்கப்பன் கட்ட வெச்ச கயிறால நானும் உங்கம்மாவும் படற பாடு உனக்குத் தெரியுமா?" எருமை நடந்ததையெல்லாம் ஒண்ணு விடாம கொட்டித் தீர்த்துச்சு.

முத்துநகை விறுவிறுன்னு போனா. கபாலஜாலன் வடையும் வாயுமா இருந்தான், எதிர்ல ராஜா.

"அப்பா, எழுந்து வாங்க. அம்மா பேசணுமாம்."

"அச்சானி..."

"அப்பா!"

ராஜா எழுந்துட்டான். கபாலஜாலன் "ராஜா, போகாதே, இளகிடுவே!"ன்னு கத்தப் பார்த்தான். வாயில வடை, ஒண்ணும் வெளியே வரலை.

ராஜா வந்து கட்டில் ஓரமா உக்காந்தான். ராணி அவனையே பார்த்தா.

"என்னங்க, நான் சாகறதுக்குப் பயப்படலை. வலிக்குது, போதும்னு இருக்கு. என் பயமெல்லாம் வேற. நான் உசிரோட இருக்கும்போதே என்னைப் பேச விட மாட்டேங்கறீங்க. செத்த பிறகு என் பேரை யாராவது எடுத்தாலும் 'அச்சானியமாப் பேசாதே'ன்னு வாயை அடைச்சிடுவீங்களோ? நான் இருந்ததே இல்லைங்கற மாதிரி ஆயிடுமோ?"

ராஜா அவ கையில முகத்தை வெச்சுக்கிட்டு ஓன்னு அழுதான். "உன்னைப் பத்திப் பேசாம நான் வேற எதைப் பேசப் போறேன் குமுதா? சொல்லு. இன்னும் என்னென்ன இருக்கோ எல்லாம் சொல்லு. நான் எங்கேயும் ஓடலை."

வைத்தியரைப் பல்லக்கு அனுப்பிக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அவரு ராஜாவை ஒரு முறை முறைச்சாரு, அப்புறம் வலிக்கு மருந்து அரைக்க உக்காந்தாரு. வலி அடங்குச்சு. ராணி பேசினா, பேசினா, அப்படிப் பேசினா! கல்யாணத்துல ராஜா மாலையைத் தவற விட்டதைச் சொல்லிச் சிரிச்சா. முத்துநகைக்கு அடுத்துப் பொறந்து தங்காம போன பிள்ளையைச் சொல்லி அழுதா, அதை யாரும் அதுவரைக்கும் பேசினதே இல்லை. நாத்தனார் கூட்டைத் தூக்கிப் போட்டுட்டு மிளகு ரசம் கொண்டாந்தா. புரோகிதர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "தாயே, அங்கே எப்படி இருக்கும்னு சாஸ்திரம் ஏதேதோ சொல்லுது. நான் போய்ப் பார்த்ததில்லை. ஆனா நீங்க கிளம்பற வரைக்கும் இங்கேயே இருக்கேன்"ன்னாரு. அதுக்கப்புறம்தான் ராணி நிம்மதியாத் தூங்கினா.

பவழமல்லி கொட்டிக் கிடந்த ஒரு விடியக்காலையில ராணி கண்ணைத் திறந்து ராஜாவைப் பார்த்தா. அப்புறம் வாசல் பக்கம் பார்த்தா. ராஜாவுக்குப் புரிஞ்சுது. அவ கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான். முத்துநகை அவன் முதுகைத் தடவிக் குடுத்தா.

"போ குமுதா," ராஜா சொன்னான். "நாங்க இருந்துக்குவோம். நீ போ."

வாசல்ல கறுப்புக் கயிறு பட்டுன்னு அறுந்து விழுந்துச்சு. எருமை வந்து மண்டி போட்டுச்சு. ராணி ஏறி உக்காந்தா. வாசப்படி தாண்டும்போது திரும்பிப் பார்த்தா, சிரிச்சா, பழக்கதோஷம், சொல்லிட்டா: "போயிட்டு வர்றேன்!"

எருமை அப்படியே கல்லாச் சமைஞ்சு நின்னுடுச்சு. முத்துநகை ஓடி வந்து வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டா. யாரும் இழுக்கலை. ஒண்ணும் ஆகலை. "அட, வாம்மா!"ன்னு எருமை மெதுவா நடந்து போயிடுச்சு.

கபாலஜாலன் என்ன ஆனான்னுதானே கேக்கறீங்க? மந்திரம் திருப்பி அடிச்சுது. அன்னிலேருந்து அவன் எந்த இலையில உக்காந்தாலும், போட்ட பிரியாணி, போட்ட பாயசம் எல்லாம் சுரைக்காய்க் கூட்டா மாறிடும். நல்லா வேணும். எருமை படுத்த இடத்துல, அது போட்டுட்டுப் போன எருவுல, மல்லிகை வருசம் முழுக்கப் பூத்துச்சு.

காரியமெல்லாம் முடிஞ்ச அன்னிக்கு எல்லாரும் சாப்பிட உக்காந்தாங்க. ராஜா ஒரு வாய் ரசத்தைக் குடிச்சுட்டு, "இதுல உப்பு பத்தலைன்னு குமுதா சொல்லியிருப்பா"ன்னான்.

தங்கச்சி பதறிப் போயி, "அச்சானிய..."ன்னா. முத்துநகை திரும்பி ஒரு பார்வை பார்த்தா. தங்கச்சி சுதாரிச்சுக்கிட்டு, "உப்பு பத்தலைன்னு இல்லை அண்ணா, புளி ஜாஸ்தின்னு சொல்லியிருப்பாங்க"ன்னா.

"உப்புதான்!"

"புளிதான்!"

பெரிய சண்டை. அன்னிக்கு மட்டும் இல்லை, தினமும் சாப்பாட்டு நேரத்துல ராணியைப் பத்தி ஒரு சண்டை, ஒரு சிரிப்பு, சில நாள் ஒரு அழுகை. வர்றேன்னு சொன்னவ தினமும் வந்துக்கிட்டுதான் இருந்தா, எந்தக் கயிறும் இல்லாம.

கதை கரை சேர்ந்துடுச்சு, எழுந்திரிங்க. வீட்டுல யாராவது படுக்கையில இருந்தா, களையைப் பார்க்காம பக்கத்துல உக்காந்து காதைக் குடுங்க, புண்ணியமாப் போகும். ம், கிளம்புங்க, போயிட்டு வாங்க.