படர்தாமரை மருந்துக்கு அடங்காமல் போன கதை

செடிகொடிகளோடு நோய்களும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், படர்தாமரை ஒரு பயந்தாங்கொள்ளி. வண்டுகொல்லிச் செடியின் பெயரைச் சொன்னாலே நடுங்கும்.

குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மீன்பிடிக்கிற பூலையாவுக்கு, ஈர வேட்டியோடு திரிந்து திரிந்து இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை வந்தது. வண்டுகொல்லியிடம் போனான். தன் இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து இருபத்தொரு நாள் பூசச் சொன்னது செடி. அரிப்பு நின்றாலும் நிறுத்தாதே என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லி அனுப்பியது.

ஏழாம் நாள் அரிப்பு நின்றது. அரைத்த விழுது அம்மியிலேயே காய்ந்தது. ஆறு கடக்கும் வரைக்கும்தானே அண்ணன் தம்பி! ஓரத்தில் இன்னும் சிவப்பாக இருக்கிறதே என்று மனைவி சுடலி சொன்னதற்கு, உனக்கு வேறு வேலையில்லை என்று எரிந்து விழுந்தான்.

அந்தச் சிவப்பில் படர்தாமரைக் கிருமிகள் நாலைந்து சாகாமல் ஒளிந்திருந்தன. இலைச் சாற்றை ருசி பார்த்துப் பழகிக்கொண்டு, பெருகித் திரும்பி வந்தன. மறுபடி பூசினான், ஐந்து நாள். அடுத்த தடவை மூன்றே நாள். இப்படி அரைகுறையாக அடித்து அடித்து எதிரிக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுத்தான் அந்த மகாராசன்.

கடைசியில் அது, வீட்டிலிருந்த ஒரே துண்டின் வழியாகச் சுடலியின் கைகளில் ஏறியது. அவள் அந்த ஊர் மருத்துவச்சி. பிறக்கிற பிள்ளைகளை ஏந்துகிற கை அது. இருபத்தொரு நாளும் ஒரு வேளை தவறாமல் பூசினாள். ஒரு வட்டம்கூட மறையவில்லை. சொந்தத் தங்கைக்கு வலி கண்ட அன்று, அந்தக் கை குழந்தைமேல் படக்கூடாது என்று அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். குழந்தையின் முதல் அழுகையை வெளியே நின்றுதான் கேட்டாள்.

அங்கிருந்து நேராக வண்டுகொல்லியிடம் போனாள்.

“சொன்னபடிதான பூசினேன். நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“நீ ஒண்ணும் செய்யல, தாயி. என் இலைக்கும் வீரியம் குறையல. உன் புருசன் பாதிப் பாதியா விட்டு, அதுக்கு என்னைப் பழக்கிட்டான்.”

“அவர் நல்லா இருக்கணும்” என்றது அவள் கையிலிருந்த படர்தாமரை.

அவன் நன்றாகத்தான் இருந்தான், இடுப்பைச் சொறிந்தபடி குளத்தில் வலை வீசிக்கொண்டு. சொன்ன சொல் தவறாமல் பூசியவளைத்தான் அதன்பிறகு எந்த வீட்டிலும் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை. நியாயமா இது? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அன்றிலிருந்துதான், ஒருவர் பாதியில் நிறுத்திய மருந்து, கடைசி நாள் வரை பூசுகிற இன்னொருவருக்குப் பலிக்காமல் போகிறது.