முதல் நம்பர் டோக்கன்

ஆவுடையம்மாளுக்கு மூன்று வருஷமாக அநியாயம் நடந்தது. ஒளித்து மறைத்து அல்ல. குருபூஜை அன்றைக்கு, ஊரே கூடியிருக்கும்போது, மைக் போட்டு நடந்தது.

அவள் ஊற்றடி மடத்துச் சமையற்காரி. ஐம்பத்திரண்டு வயது. மடத்தில் ஒரு விதி உண்டு. குருபூஜை அன்று அடுப்பை மூட்டியவர், கடைசிப் பந்தி எழும்வரை அடுப்படி வாசலைத் தாண்டக் கூடாது. மடத்தை நிறுவிய பெரியவர் போட்ட விதி. அடுப்படிக்கென்று தீட்சை வாங்கியவள் ஆவுடையம்மாள் ஒருத்திதான். ஆகவே மூட்டுகிறவளும் அவள்தான், உள்ளேயே கிடக்கிறவளும் அவள்தான்.

அதே நாளில்தான் நகரத்திலிருந்து பெண்களுக்கான பரிசோதனை வேன் வரும். மார்பைப் படம் எடுப்பார்கள். கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் உண்டு. வருஷத்துக்கு ஒரு நாள், பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை. பந்தி நடக்கிற நேரமும் அதுதான்.

"முதல் டோக்கன் அடுப்படிக்கு" என்று குரு சொல்லியிருந்தார். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! மூத்த சீடர் சங்கரலிங்கம் அப்படியே எழுதினார்: ஒன்றாம் நம்பர், ஆவுடையம்மாள். எழுதிவிட்டு, அவளால் வர முடியாதே, டோக்கன் வீணாகப் போகக் கூடாதே என்று மரக்கடைக்காரர் மனைவியிடம் கொடுத்தார்.

"ஆவுடையம்மாள்னு கூப்பிட்டா எந்திரிச்சுப் போங்கம்மா."

ஒரு மாதத்தில் கடிதம் வரும். 'ஆவுடையம்மாள். குறை ஏதும் இல்லை.' பௌர்ணமி அன்று சபையில் வைத்து, விபூதியோடு சேர்த்து, குரு அதைத் தன் கையால் அவளிடம் கொடுப்பார். அவள் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அடுப்படியில் மாட்டியிருக்கும் பெரியவர் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள்.

குரு கையால் வாங்கியதை அந்த மடத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

நான்காவது வருஷம் வந்தது. மாசி மாதம், குருபூஜை நாள். சபை மண்டபத்தில், வேனோடு வந்த டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

"நேரத்துக்குச் சாப்பிடுங்க. தினமும் அரை மணி நேரம் நடங்க. கீரை, காய், பழம் சேர்த்துக்குங்க. ஏழு மணி நேரமாவது தூங்குங்க."

காய் நறுக்கிக்கொண்டிருந்த முப்பிடாதி சிரித்தாள். அவளும் சீடர்தான். இருபது வருஷமாக மடத்தில் இருக்கிறாள்.

"நேரத்துக்குச் சாப்பிடணுமாம்க்கா. நாம நாலு மணிக்குச் சாப்பிடுதோம். அதுவும் ஒரு நேரந்தான?"

"நடக்கணும்ங்காவளே?" என்றாள் ஆவுடையம்மாள்.

"அண்டாவுக்கும் அடுப்புக்கும் நடக்கோம்லா."

"கீரை?"

"ஆய்ஞ்சு குடுக்கோம்லா. திங்கவும் செய்யணுமோ?"

இருவரும் சிரித்தார்கள். ஸ்பீக்கர் தொடர்ந்தது.

"மார்புல கட்டி தட்டுப்பட்டா, வலிக்கலையேன்னு விட்டுராதீங்க. வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்டணும்."

சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"யக்கா?" என்றாள் முப்பிடாதி.

"ஒண்ணுமில்லட்டி."

"கரண்டி நின்னுட்டே. காலையில அண்டாவ இடது கையால இழுத்திய. என்னக்கா?"

ஆவுடையம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஐப்பசியில புளியங்கொட்டை அளவுதான் இருந்துச்சு."

"இப்ப?"

அவள் பக்கத்தில் ஊறுகாய்க்கு வைத்திருந்த நெல்லிக்காய்க் கூடையைப் பார்த்தாள்.

முப்பிடாதி அருவாமணையை மடக்கினாள்.

"யாருட்டயும் காட்டலியா?"

"எதுக்கு? அதான் கடிதம் வந்திருக்கே. குறை ஏதும் இல்லைன்னு."

"நீங்க அந்த வேனுக்குள்ள காலே வைக்கலியேக்கா!"

"ஐயா கையால குடுத்த கடிதம் பொய்யா இருக்குமாட்டி?"

முப்பிடாதி பெரியவர் படத்துக்குப் பின்னால் கையை விட்டு மூன்று கடிதங்களையும் எடுத்தாள். கூடையிலிருந்து ஒரு நெல்லிக்காயையும் எடுத்துக்கொண்டாள். நடந்தாள்.

சபையில் கேள்வி நேரம். குரு நடுவில் உட்கார்ந்திருந்தார். எந்தக் கேள்விக்கும் கதையால் பதில் சொல்பவர் என்று அவருக்குப் பெயர். முன்வரிசையில் ஆண்கள் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். முப்பிடாதி கையைத் தூக்கவில்லை. நேராக நடுவில் போய் நின்றாள்.

"ஐயா, எனக்கு ஒரு கேள்வி."

சங்கரலிங்கம் பாய்ந்து வந்தார். "ஏளா, அடுப்படி ஆளுக கேக்கதுக்குச் சாயங்காலம் நேரம் ஒதுக்கியிருக்கு."

"சாயங்காலம் வேன் இருக்காது அண்ணாச்சி."

"கேளும்மா" என்றார் குரு.

"ஒரு ஆளு சாப்பிட்டா இன்னொரு ஆளுக்குப் பசி அடங்குமா?"

சபை சிரித்தது. குருவும் புன்னகைத்தார்.

"ஒரு காட்டுல இரண்டு பறவைகள் இருந்துச்சு..."

"கதை வேண்டாம் ஐயா."

சிரிப்பு நின்றது.

"அடங்கும், அடங்காது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"அடங்காது."

"ஒரு பொம்பளையப் படம் எடுத்தா, இன்னொரு பொம்பளை உடம்புல இருக்கது தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இது யாரு மாருல எடுத்த படம்?"

மூன்று கடிதங்களையும் அவர் முன்னால் வைத்தாள். குரு பிரித்துப் பார்த்தார்.

"ஆவுடைக்கு வந்தது. நான்தான் குடுத்தேன்."

"அக்கா மூணு வருஷமும் அடுப்படி வாசலைத் தாண்டலை. யாரு போனாவன்னு அண்ணாச்சியக் கேளுங்க."

குரு சங்கரலிங்கத்தைப் பார்த்தார்.

"டோக்கன் வீணாப் போகக் கூடாதேன்னுதான் ஐயா... மரக்கடைக்காரர் வீட்ல குடுத்தேன். நான் என்ன செய்ய? விதி அப்படி இருக்கு. பெரியவர் போட்ட விதி."

"பெரியவர் காலத்துல அடுப்படிக்கு ஓலைக் கூரை" என்றாள் முப்பிடாதி. "ஆளில்லாட்டா தீப்பிடிக்கும். அதுக்காகப் போட்டாரு. இப்ப மேல கான்கிரீட்டு, கீழ கேஸ் அடுப்பு. கான்கிரீட்டு தீப்பிடிக்குமா அண்ணாச்சி?"

"விதியில தர்க்கம் பண்ணக் கூடாதும்மா."

"ஆமா, ஆளை மாத்தலாம். தர்க்கம் மட்டும் பண்ணக் கூடாது."

"பொம்பளை பேசுத பேச்சா இது?"

"பொம்பளை உடம்பைப் பத்தித்தான் பேசுதேன். வேற யாரு பேசுவா? நீங்களா?"

"ஆவுடைக்கு என்ன?" என்று கேட்டார் குரு.

முப்பிடாதி அவர் அருகில் போனாள். இதை மட்டும் மைக்குக்குக் கேட்காமல் சொன்னாள். உள்ளங்கையை விரித்தாள்.

"இந்த அளவுக்கு ஒரு கட்டி. ஐப்பசியில இருந்து. கடிதத்தை நம்பிக்கிட்டு சும்மா இருக்கு."

குரு நெல்லிக்காயை வாங்கிக்கொண்டார்.

"நான் குடுத்த கடிதத்தை நம்பி."

"வேற யாரு குடுத்திருந்தாலும் அக்கா சந்தேகப்பட்டிருக்கும் ஐயா."

குரு எழுந்தார். கேள்வி நேரம் முடியவில்லை. பறவைகளின் கதையும் முடியவில்லை. அவர் அடுப்படிக்கு நடந்தார். சபை எட்டிப் பார்த்தது.

ஆவுடையம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஆவுடை, வெளிய வா."

"சோறு பாதி வெந்திருக்கு ஐயா. அடுப்பு எரியுது. விதி..."

"அடுப்பு எரிஞ்சாத்தானே விதி?"

குரு குனிந்தார். நான்கு அடுப்புகளையும் ஒவ்வொன்றாக அணைத்தார். சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, வெளிய இருநூறு பேரு பசியோட..."

"போ."

ஆவுடையம்மாள் அசையவில்லை. வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் குருபூஜை அன்று வெயில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. முப்பிடாதி வந்து கையைப் பிடித்தாள்.

"வலது காலோ இடது காலோ, எதையாவது எடுத்து வைங்கக்கா."

வேனுக்கு முன்னால் மரக்கடைக்காரர் மனைவி சண்முகவடிவு முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒன்றாம் நம்பர் டோக்கன்.

"அது ஆவுடையம்மாள் டோக்கன்" என்றாள் முப்பிடாதி.

"ஆமா, அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாள் சண்முகவடிவு. "பேரைத் தப்பா எழுதிட்டாங்கன்னு நினைச்சேன். மூணு வருஷமா சொல்லுதேன், மாத்தவே இல்லை. எனக்கு ஒரு கடிதமும் வரலை."

"தப்பா எழுதலைம்மா. இந்தா நிக்காவ, இவங்கதான் ஆவுடையம்மாள்."

சண்முகவடிவு நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சளும் எண்ணெயும் படிந்த சேலை. வியர்வை. இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு நிற்கிற ஒருத்தி. மூன்று வருஷமாக அவள் சாப்பிட்ட சாப்பாட்டைச் சமைத்தவள்.

அவள் எழுந்துவிட்டாள். டோக்கனைக் கொடுத்தாள். வரிசையின் கடைசிக்கு நடந்து போனாள். போகிற வழியில் சங்கரலிங்கம் எதிர்ப்பட்டார்.

"எனக்கு ஒரு குறை இருந்திருந்தா எந்தப் பேருக்கு அண்ணாச்சி கடிதம் போயிருக்கும்?" என்று கேட்டாள்.



பந்தி மண்டபத்தில் மணி அடித்தது. அடித்தது குரு. அவரே போய் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அதுவும் பெரியவர் போட்ட விதி: குரு உட்கார்ந்தால் எல்லாரும் உட்கார வேண்டும். குரு எழுகிறவரை யாரும் எழக் கூடாது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். இலையில் தண்ணீர் தெளித்தார்கள். துடைத்தார்கள். காத்திருந்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

குரு தன் இலையில், உப்பு வைக்கிற மூலையில், நெல்லிக்காயை வைத்தார். பக்கத்தில் ரெகுலேட்டரை வைத்தார். பரிமாற நின்ற பெண்களிடம், குழந்தைகளுக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்கும் வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு வெறும் இலை.

கால் மணி நேரம் ஆனது. அரை மணி நேரம் ஆனது.

மரக்கடைக்காரர் கேட்டார், "ஐயா, சோறு?"

"வேகலை."

"எப்ப வேகும்?"

"வேகவைக்கிறவ வரட்டும்."

"அவங்க எங்க?"

"உங்க வீட்டம்மா மூணு வருஷமாப் போய்ட்டு வந்த இடத்துல."

மரக்கடைக்காரர் இலையைக் குனிந்து பார்த்தார். இருநூறு பேரும் அவரவர் இலையைப் பார்த்தார்கள். பச்சை இலையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நரம்பு இருந்தது. அவ்வளவுதான்.

சங்கரலிங்கம் குருவுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தார். காலை மாற்றி மாற்றி மடக்கினார்.

"தப்புச் செஞ்சது நான் ஐயா. நீங்க ஏன் பட்டினி கெடக்கிய?"

"கடிதத்தைக் குடுத்தது யாரு கை?"



ஒரு மணி நேரம் கழித்து முப்பிடாதி வந்தாள். ஓடி வந்தாள். ஆனால் வாசலில் வந்ததும் நடை தளர்ந்துவிட்டது.

"படம் எடுத்தாவ ஐயா. திருப்பியும் ஒரு படம் எடுக்காவ. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கணுமாம். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுதாவ."

"ஆவுடை என்ன சொல்லுதா?"

"சோறு குழைஞ்சிருமேன்னு சொல்லுதாவ."

குரு கண்ணை மூடித் திறந்தார்.

"டாக்டரம்மா என்கிட்ட ஒண்ணு கேட்டாவ ஐயா" என்றாள் முப்பிடாதி. அவள் குரல் உடைந்தது. அழுகையா கோபமா என்று சொல்ல முடியாது. "வருஷா வருஷம் வேன் இங்கதான வருது, இந்த அம்மா ஏன் முன்னாடியே வரலைன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

குருவிடம் கதை இல்லை. அவர் நெல்லிக்காயைப் பார்த்தார். முப்பிடாதி வேனுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

பந்தியில் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை இரண்டாவது வாழைப்பழம் கேட்டது. வெயில் மண்டபத்துக்குள் வந்து, ஈரம் காய்ந்த இலைகளின் மேல் விழுந்தது. ஓரங்கள் சுருள ஆரம்பித்தன.

சங்கரலிங்கத்தால் தாங்க முடியவில்லை. குருவின் பக்கம் சாய்ந்தார்.

"ஐயா, வெறும் இலைக்கு முன்னால மனுஷன் எவ்வளவு நேரந்தான் உக்காந்திருக்கது?"

குரு அவர் பக்கம் திரும்பவில்லை.

"மூணு வருஷம் ஆனதும் சொல்லு, சங்கரலிங்கம். எந்திரிக்கேன்."