வடைச்சட்டி மூடி

மாரப்பன் தன் கேள்வியோடு வந்தபோது வேலாத்தாள் அம்மா உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தார். அன்று மடத்தில் குருபூஜை. மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பவானி ஆற்றங்கரையில் ஓர் ஓட்டு வீடு, பக்கத்தில் சமையலுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை, அவ்வளவுதான்.

குருவான அம்மா, சீடரான மாரப்பனைவிட வயதில் இளையவர். அதனால் அவர் சீடரை "மாரப்பண்ணா" என்பார். சீடர் குருவை "தாயே" என்பார். இதைக் கேட்டுக் குழம்பிப்போன வெளியூர்க்காரர்கள் உண்டு. மடத்தில் யாரும் குழம்பியதில்லை.

"தாயே, இந்தக் கோவத்தை அணைக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"இப்ப என்ன அவசரம்?"

"வெள்ளிக்கிழமை சின்னவளுக்குக் கல்யாணமுங்க. வந்தா பச்சைத்தண்ணியாட்ட வரோணும், இல்லாட்டி வரவே வேண்டாம்னு புள்ளையே சொல்லிப்போட்டா."

பிள்ளை சொன்னதில் நியாயம் இருந்தது. மாரப்பனுக்கு ஈரோட்டில் ஜவுளிக்கடை. மூத்தவள் கல்யாணத்துக்குத் தன் கடையிலிருந்தே கூரைப்புடவை எடுத்துக் கொடுத்தார். மனைவியின் அண்ணன் சென்னியப்பன் அதைப் பார்த்துவிட்டு, "இது பட்டா?" என்று கேட்டார். கேட்டதோடு விட்டிருக்கலாம். முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி, பந்திக்கு நடுவில் நின்று தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்திக் காட்டினார். நூல் உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டது. மாரப்பன் ரச வாளியை எடுத்து மச்சான் தலையில் கவிழ்த்துவிட்டார்.

சம்பந்தி வீட்டார் இலையை விட்டு எழுந்து போனார்கள். மூத்தவளின் புகுந்த வீட்டில் இன்றைக்கும் ரசம் வைத்தால் யாராவது ஒருவர் சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மாரப்பன் கடையை மனைவி ருக்குமணியிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

சின்னவள் யமுனா அவருக்கு உயிர். அவள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்று பயந்துபோயிருந்தார்.

"அந்தப் புடவை பட்டுத்தானா?" என்று அம்மா கேட்டார்.

"முக்காவாசி பட்டுங்க."

அம்மா குழவியை ஒரு சுற்று சுற்றினார்.

"இங்க வந்து கோவத்துக்கு என்ன பண்ணுனீங்க?"

"தண்ணிதானுங்க. விடியக்காலம் ஆத்துல முழுக்கு. அதுக்கு மேலயும் வந்தா ஒரு சொம்புத் தண்ணி குடிப்பேன். நல்லா அணைஞ்சிருமுங்க."

"அப்பறம் என்ன?"

"அணைஞ்சிருச்சான்னு பார்க்கறதுக்கு மச்சான் மூஞ்சியை ஒருக்கா நினைச்சுப் பார்ப்பனுங்க. மறுபடி பத்திக்கிட்டு வந்துரும்."

அம்மா சிரிக்கவில்லை. மாவைத் தள்ளிக்கொண்டே, "வடைச்சட்டியில எண்ணெய் காயுது. கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றார். பிறகு, "இந்தக் கொட்டாய்ல எதெதெல்லாம் பத்தும்?" என்று கேட்டார்.

ஜவுளிக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. மாரப்பன் எண்ணெய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"மேல கீத்து. அதைச் சொல்லவே வேண்டாம், ஒரு பொறி போதும். அந்தச் சாக்கு, இந்த விளக்குத்திரி. பஞ்சு பத்துனா காகிதம் எரியற வாசம் வருமுங்க. கம்பளி பத்தறதுக்கே யோசிக்கும், சுருண்டு தானா அணைஞ்சிரும். பட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். கருகுனா மயிர் பொசுங்கற நாத்தம் வரும், அசலுக்கு அதுதான் அடையாளம். இந்தப் பாலியஸ்டர் இருக்குது பாருங்க, அது உருகி எரியும். மேல ஒட்டுச்சுன்னா தோலோடதான் வரும். அடுப்புக்கிட்ட அதைக் கட்டிக்கிட்டு நிக்கறவனைப் பளார்னு ஒண்ணு விடோணும்."

"நீங்க கட்டியிருக்கறது?"

மாரப்பன் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார்.

"கடைச் சரக்குங்க" என்றார் மெதுவாக.

"ரொம்ப விவரமாத்தான் இருக்கீங்க. எண்ணெய் பத்துமா?"

"எண்ணெய் சும்மா பத்தாதுங்க. கவனிக்காம விட்டு, ரொம்பக் காஞ்சு புகைய ஆரம்பிச்சுதுன்னா..." என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். வடைச்சட்டி பற்றி எரிந்துகொண்டிருந்தது.

மாரப்பனின் கை தானாகத் தண்ணீர் வாளிக்குப் போனது. அவருக்கும் வாளிக்கும் அப்படி ஒரு பந்தம்.

"வாளியைக் கீழ வைங்க!"

அம்மா அப்படிக் கத்தி மடத்தில் யாரும் கேட்டதில்லை. மாரப்பன் வாளியை வைத்துவிட்டார்.

"எரியற எண்ணெய்ல தண்ணி ஊத்துனா கூரைக்குத் தாவும்."

சொல்லிக்கொண்டே கேஸ் அடுப்பைத் திருகி அணைத்தார். சுவரில் சாய்த்திருந்த பெரிய இரும்பு மூடியை எடுத்து, பக்கவாட்டிலிருந்து நகர்த்தி, சட்டியை மூடினார். அதோடு தீ அடங்கிவிட்டது. கூரையில் ஒரு கீற்றுக்கூடக் கருகவில்லை. அவர் மாவை வழிக்கப் போய்விட்டார்.

மாரப்பன் மூடியைப் பார்த்தார். குனிந்து காது கொடுத்துக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தோளில் கிடந்த துண்டால் பிடித்து, மூடியை ஒரு பக்கம் மெல்லத் தூக்கினார்.

குப்பென்று தீ முகத்தில் அடித்தது. அம்மா ஓடிவந்து மூடியைப் பிடுங்கி மறுபடியும் மூடினார்.

"என்ன பண்ணுனீங்க?"

"அணைஞ்சிருச்சான்னு பார்த்தனுங்க."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். மீசையில் வலது பாதியைக் காணவில்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"மயிர் பொசுங்கற நாத்தம். அசல்தான் போல" என்றார்.

அன்று குருபூஜைக்கு வந்தவர்கள் வடைக்காகச் சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் அம்மா அந்த மூடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, ஒரு துணிப்பையில் போட்டு மாரப்பனிடம் நீட்டினார்.

"கல்யாணத்துக்குப் போய்ட்டு வாங்க. இதையும் எடுத்துட்டுப் போங்க."

"இதைய வச்சு என்னத்த மூடறதுங்க தாயே?"

"ரச வாளியை எடுக்கறப்ப யாரையாச்சும் கேட்டீங்களா?"

மாரப்பன் பையை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்பி வந்தார். அம்மா முன்னால் உட்கார்ந்தவர் நேராக உட்காரவில்லை.

"ஏன் ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்திருக்கீங்க?"

"சொல்றனுங்க. மண்டபத்துக்குள்ள போனதும் ருக்குமணி பையைப் பிரிச்சுப் பார்த்தா. சீர் சாமான்னு நினைச்சு மூடியைக் கொண்டுபோய்ச் சீர்த்தட்டோட வச்சுட்டா. நான் போய் எடுத்துக்கிட்டு வந்தேன். எல்லாரும் ஒரு மாதிரியாத்தான் பார்த்தாங்க. காலைப் பந்தியில மச்சான் வந்து நின்னாருங்க. எம் மீசையை உத்துப் பார்த்தாரு. 'ஏன் மாப்ள, இதுலயும் பாதி கலப்படமா?'ன்னு கேட்டாரு. சம்பந்தி வீட்டு ஆளுக அத்தனை பேரும் சிரிச்சாங்க."

"அப்பறம்?"

"சட்டைப்பையில இருந்து தீப்பெட்டியை எடுத்தாருங்க. சின்னவ கூரைப்புடவையிலயும் ஒரு நூல் உருவிக்கட்டுமான்னாரு. பத்திக்கிட்டு வந்துச்சு தாயே. பக்கத்துல பெரிய சாம்பார் வாளி இருந்துச்சு. கை அதுக்குப் போயிருச்சு."

அம்மா பக்கத்தில் கிடந்த துணிப்பையைப் பார்த்தார்.

"இன்னொரு கையில மூடி இருந்துச்சுங்க. வாளியை மூடிப்போட்டு, அதுமேலயே உக்காந்துட்டேன்."

"சாம்பார் மேலயா?"

"கொதிக்கக் கொதிக்க இறக்குனதுங்க. ஆனா எந்திரிச்சா வாளியை எடுத்துருவேன்னு எனக்கே தெரியும். பரிமாறுற ஆளு வந்து கெஞ்சறான். இட்லிக்குச் சட்னி ஊத்துடான்னு சொல்லிப்போட்டேன். மச்சான் என்னென்னமோ பேசிப் பார்த்தாரு. எனக்கு இருந்த சூட்டுல அவரு பேச்சு காதுல ஏறவே இல்லீங்க. தீக்குச்சியைக் கிழிச்சு எம் மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கிட்டே நின்னாரு. அது எரிஞ்சு வந்து அவரு விரலைத்தான் சுட்டுது. உதறிப்போட்டுப் போய்ட்டாரு."

"யமுனா?"

மாரப்பன் நிமிர்ந்து உட்காரப் பார்த்து, மறுபடியும் சாய்ந்துகொண்டார்.

"மேடைக்குப் போறவ, அப்பன் எங்கேன்னு பந்தியை எட்டிப் பார்த்தா. நான் வாளி மேல உக்காந்திருக்கறதைப் பார்த்து அப்படியொரு சிரிப்புச் சிரிச்சா தாயே. 'தாரை வார்க்கோணும், எந்திரிச்சு வாங்கப்பா'ன்னு கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனா. அப்பறந்தான் பந்திக்கே சாம்பார் போச்சு. தாலி ஏறறதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

அவர் அழுதார். சந்தோஷத்தில்தான் அழுதார். அம்மா அழ விட்டார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து மூடியை எடுத்து அம்மா முன்னால் வைத்தார். முகம் தெளிந்திருந்தது.

"கோவம் சுத்தமா அணைஞ்சே போச்சு தாயே."

"அப்படிங்களா?"

"சந்தேகமே வேண்டாமுங்க. வேணும்னா இப்பவே மச்சானுக்கு ஒரு போனைப் போட்டு, அந்தப் பழைய புடவைப் பேச்சை எடுக்கறேன். வருதா இல்லையான்னு பார்த்தே போடலாம்."

செல்போனைத் தரையில் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சென்னியப்பனின் எண்ணைத் தேடினார்.

அம்மா மூடியை எடுத்துச் செல்போன் மேல் கவிழ்த்தார்.

"ஆறட்டும், அண்ணா."