மடியில் ஒரு துண்டு கருப்பட்டி

சாத்தூர்ப் பக்கம் பருத்தி அரவை மில் வைத்திருந்த திருவேங்கடம், வெள்ளிக்கிழமை தோறும் மடத்தம்மாவைப் பார்க்க வருவார். திருவேங்கடத்துக்கு அறுபத்தொரு வயது. அவர் குருவாகக் கொண்ட மடத்தம்மாவுக்கு நாற்பத்தைந்து. யாராவது வயதைச் சொல்லிச் சிரித்தால், "தண்ணி எந்தக் கிணத்துல இருக்கோ அங்கதான போகணும்" என்பார்.

மடத்தம்மா ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர். இப்போது கண்மாய்க் கரையில் சிறியதாக ஒரு மடம். வருகிறவர்களுக்கு அங்கே கம்மங்கூழ் உண்டு. கேட்டவர்களுக்கு மட்டும் உபதேசமும் உண்டு, அதுவும் அளவாக.

அந்த வெள்ளிக்கிழமை திருவேங்கடம் கையில் ஒரு தாளோடு வந்தார்.

"ஒரு கேள்வி, அம்மா. என் மில்லுல அறுபது பேர் வேலை பாக்குறாங்க. அவங்க மேல எனக்குள்ள பொறுப்பு மில் கேட்டோட முடியுதா, கேட்டுக்கு வெளியவும் உண்டா?"

மடத்தம்மா துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "கையில என்ன தாளு?"

"வேலையை விட்டு நிறுத்துற நோட்டீசு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

போன வருஷம் திருவேங்கடத்துக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்து எழுந்ததும் சிகரெட்டை விட்டார். விடியற்காலையில் நடந்தார். பட்ட பிறகு வருகிற புத்திக்கு வேகம் அதிகம். அது தன்னோடு நிற்காது, அடுத்தவனையும் பிடித்து இழுக்கும்.

முதலில் மில்லுக்குள் பீடி கூடாது என்றார். பஞ்சு இருக்கிற இடம், யாரும் மறுக்கவில்லை. பிறகு வீட்டிலும் கூடாது என்றார். டாக்டரை வரவழைத்து எல்லோருக்கும் சர்க்கரை பார்த்தார். அதற்குப் பிறகு சூப்பர்வைசர் வரதன் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போக ஆரம்பித்தான். கையில் கட்டம் போட்ட நோட்டு. பீடி, சாராயம், புகையிலை, இனிப்பு என்று நாலு கட்டம். மூன்று முறை டிக் விழுந்தால் வேலை போய்விடும்.

"முதல்ல யாரு?" என்றார் மடத்தம்மா.

"பேச்சியம்மா. பத்தொம்பது வருஷமா மெஷினுக்குப் பருத்தி போடுறவங்க. புருஷன் இல்ல. சர்க்கரை முந்நூறு இருக்கு. மூணு தடவையும் அடுப்படி டப்பாவுல கருப்பட்டி!"

"நல்ல வேலைக்காரியா?"

"அவங்களை மாதிரி ஆளு கிடைக்காது. அதனாலதான் சொல்றேன். இவங்களை நிறுத்துனா மத்தவங்க தானா வழிக்கு வருவாங்க."

திருவேங்கடம் கெட்ட மனிதர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்தால் இந்தக் கதை இன்னும் சுலபமாக இருந்திருக்கும். கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னார்.

"ரெண்டு வருஷம் முன்னால சோலையப்பன்னு ஒருத்தன் குடிச்சே செத்தான். முப்பத்தெட்டு வயசு. ரெண்டும் பொம்பளப் பிள்ளைக. நான்தான் மாலை போட்டேன். அவன் குடிக்கிறது எனக்குத் தெரியும், அம்மா. கேட்டுக்கு வெளிய நடக்குறது நமக்கெதுக்குன்னு சும்மா இருந்தேன். அது பாவம் இல்லையா?"

மடத்தம்மா பருப்பிலிருந்து கையை எடுத்தார்.

"பேச்சியம்மா கருப்பட்டி எதுக்குத் திங்கிறாங்க?"

"எதுக்கா? நாக்கு கேக்குது."

"அவங்களைக் கேட்டீங்களா?"

வரதனின் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

"நாளைக்கு மில்லுக்கு வர்றேன்" என்றார் மடத்தம்மா. "அதுவரைக்கும் பேனாவை மூடி வையுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். கண்ணாடி போட்ட குளிர்ந்த ஆபீஸ் அறையில் நாற்காலி துடைத்து வைத்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஷெட் முழுவதும் தெரியும். மடத்தம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக ஷெட்டுக்குள் போய், பேச்சியம்மாள் நின்ற மெஷின் பக்கத்தில் நின்று பருத்தி அள்ளிப் போட ஆரம்பித்தார்.

குரு நிற்கும்போது சிஷ்யன் உட்கார முடியாது. குரு வேலை செய்யும்போது சும்மா நிற்கவும் முடியாது. திருவேங்கடமும் வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பருத்தி அள்ளினார். அறுபது பேரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

கால் மணி நேரத்தில் பஞ்சுத் தூசி படிந்து அவர் புருவம் வெளுத்தது. அரை மணி நேரத்தில் தொண்டையில் முடி சிக்கியது போல ஓர் அரிப்பு. கனைத்துப் பார்த்தார். போகவில்லை. தண்ணீர் குடித்தார். அப்போதும் போகவில்லை. பிறகு இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து, முழங்காலில் கை ஊன்றி, கண்ணில் நீர் வர இருமினார்.

பேச்சியம்மாள் பார்த்தார். யோசிக்கவில்லை. மடியை அவிழ்த்து, விரல் நுனி அளவு ஒரு துண்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"வாயில அடக்கிக்கோங்க, முதலாளி. தூசி எறங்கிரும்."

திருவேங்கடம் வாயில் போட்டுக்கொண்டார். போட்ட பிறகுதான் அது கருப்பட்டி என்று நாக்கு சொன்னது. ஆனால் தொண்டை அடங்கியது.

வரதன் நோட்டோடு பக்கத்தில் நின்றிருந்தான். அதைத் திறப்பதா மூடுவதா என்று பாவம் அவனுக்குத் தெரியவில்லை.

மடத்தம்மா பேச்சியம்மாளின் காதருகே குனிந்தார். மெஷின் ஓடும்போது அப்படித்தான் பேச முடியும். "எத்தனை நாளா இதைத் திங்கிறீங்க?"

"அந்த ஃபேன் நின்னதுல இருந்து, தாயி." பேச்சியம்மாளுக்கு மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவர் கை காட்டிய மேல்சுவரில் தூசி இழுக்கிற பெரிய ஃபேன் இருந்தது. இறக்கைகளில் பஞ்சு படிந்து, பறவைக்கூடு மாதிரி ஆகியிருந்தது. "மாசியில நின்னுச்சு. இப்ப ஆடி."

திருவேங்கடம் வரதனைப் பார்த்தார். வரதன் தரையைப் பார்த்தான். ஃபேன் நின்றதை அவன் அப்போதே சொல்லத்தான் செய்தான். சீசன் முடியட்டும், ஓட்டத்தை நிறுத்த முடியாது என்று சொன்னவர் இவர்தான். இப்போது நினைவு வந்தது.

"வேலை நேரத்துல சரி" என்றார் மடத்தம்மா. "வீட்டுல எதுக்கு?"

"படுத்தாத்தான் இருமல் அதிகமா வருது. ஒரு துண்டை அடக்குனாத்தான் கண்ணு அசரும்."

"சர்க்கரைக்கு அது ஆகாது. குறைச்சுக்கோங்க."

"தெரியும், தாயி. மாத்திரையும் போடுறேன். இருமல் குறையட்டும், இதுவும் குறையும்."

பிறகு பேச்சியம்மாள் முதலாளி பக்கம் திரும்பினார். அதுவரை இருந்த பணிவு குரலில் இல்லை.

"நோட்டீசு ரெடியா இருக்குன்னு ஊரே பேசுது. இனிமே நான் வேலைக்கு வரணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லிருங்க. வரதன் தம்பி என் டப்பாவைத் திறந்தப்ப சம்பந்தகாரங்க உக்காந்திருந்தாங்க. திருடி வீட்டுல தேடுற மாதிரி தேடுனாரு. பத்தொம்பது வருஷத்துல ஒரு கைப்பிடி பருத்தி எடுத்திருப்பேனா?"

திருவேங்கடத்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டீசை எடுத்து நாலாகக் கிழித்தார். துண்டுகளை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"வரதா, மெஷினை நிறுத்து."

"முதலாளி, லோடு நிக்குது..."

"நிறுத்துடா."

ஒவ்வொரு மெஷினாக நின்றது. சீசனில் பகல் வேளையில் அந்த ஷெட் ஓய்ந்து யாரும் கண்டதில்லை.

அப்போதுதான் கேட்டது. மூலையில் ஒருவர் இருமினார். பருத்திக் குவியலுக்குப் பின்னால் இரண்டு பெண்கள். வாசல் பக்கம் ஒருவர், அடக்க முயன்று முடியாமல். பிறகு எல்லாப் பக்கமும். அறுபது பேரின் இருமலையும் இத்தனை மாதமாக மெஷின் சத்தம் மூடி வைத்திருந்தது.

திருவேங்கடத்தின் வாயில் கருப்பட்டி கரைந்துகொண்டிருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை.

"சொல்லுங்க, அம்மா" என்றார். "என் பொறுப்பு கேட்டோட முடியுதா?"

மடத்தம்மா தலையில் படிந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எங்க முடியுது, முதலாளி? தினமும் சாயங்காலம் இவங்க நெஞ்சுல ஏறி உங்க பஞ்சுதான் வீட்டுக்குப் போகுதே. அதை வரதன் அடுப்படி டப்பாவுல தேடுனா எப்படிக் கிடைக்கும்?"