மேனேஜருக்குக் கீழ் பெர்த்

மேனேஜர் ஞானசிகாமணி இருமினாலே மில் ஆபீஸ் நடுங்கும். கிளார்க் செல்வராணியை அழைத்தார். "பொங்கலுக்கு நாகர்கோவில் ரயில்ல எனக்குக் கீழ் பெர்த் வேணும். கிடைக்கலைன்னா உனக்கு இங்கே வேலை கிடையாது."

மறுநாள் காலை எட்டு மணிக்கு புக்கிங் திறந்தது. மேனேஜர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். இடங்கள் மளமளவென்று தீர்ந்தன. அப்போது முதலாளி உள்ளே வந்தார்; மேனேஜரின் கண் திரையை விட்டு நகரவில்லை.

செல்வராணி உரக்கவே கேட்டாள்: "சார், அறுபது தாண்டினவங்களுக்குத்தான் கீழ் பெர்த் மிச்சம் இருக்கு. ஆபீஸ் ஃபைல்ல உங்களுக்கு ஐம்பத்தாறுதானே?"

"ஆதார்ல அறுபத்திரண்டு இருக்கு! சீக்கிரம் போடும்மா!"

அந்த மில்லில் ஐம்பத்தெட்டு முடிந்தால் ஓய்வு. முதலாளி மேனேஜரின் பக்கத்தில் வந்து நின்றார். இப்போது நடுங்கியது மேனேஜரின் கால்.

டிக்கெட்டைப் போட்டுவிட்டுச் செல்வராணி முதலாளி பக்கம் திரும்பினாள்.

"இவர் திரும்பி வர்றதுக்கும் டிக்கெட் போடணுமாங்க ஐயா?"